இழுத்தால் எதிர்க்கும் தசை

புத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகத்தினர் மாலையும் தேங்காயுமாக, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாராயணவனத்துக்குப் போகிறவர்கள். ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை வேங்கடேசப் பெருமாள் கைப்பிடித்த ஊர் அது என்பது ஐதீகம். கல்யாண வேங்கடேஸ்வரரை வேண்டிக்கொண்டால் தள்ளிப்போகும் திருமணம் கூடிவரும் என்று நம்பி, தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். இன்னொரு ரகத்தினர் ஒரு கையை மறு கையால் தாங்கியபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குகிறவர்கள். இவர்கள் தேடி வந்தது புத்தூர் கட்டு.

வேட்டைக்குப் போன கேசவ ராஜு, கால் ஒடிந்த முயலுக்கு ஒரு தழையை வைத்துக் கட்டினார், முயல் எழுந்து ஓடிவிட்டது என்பது அந்தக் கட்டுக்குச் சொல்லப்படும் கதை. பச்சிலை விழுது, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி. மூலப்பொருள்கள் அவ்வளவுதான். சென்னையில் பேட்டைக்குப் பேட்டை 'புத்தூர் கட்டு' போர்டு தொங்குகிற அளவுக்குப் பெயர் பரவிவிட்டது. பச்சிலையைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் இலையை வைப்பதற்கு முன்னால் நடக்கிற ஒரு காரியம் எல்லா வைத்தியத்துக்கும் பொது. புத்தூரானாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரானாலும் சரி, விலகிய எலும்பைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் இழுக்க வேண்டும்.

இழுப்பதில்தான் சூட்சுமம். எலும்பு ஒடிந்ததும் அதைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. ஒடிந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் தசை அதைவிட வெடுக்கென்று எதிர்த்து இழுக்கிறது. ஒரே சீராக, நிதானமாக, விடாமல் இழுத்தால் மெல்ல விட்டுக்கொடுக்கிறது. எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து, லிவர்பூலில் டாக்டராக இருந்த ஹியூ ஓவன் தாமஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே நிதானத்தை ஒரு இரும்புச் சட்டத்தில் கட்டிவைத்தார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது அந்தச் சட்டம்.

நோயாளி வேண்டுமென்றா எதிர்க்கிறார்? இல்லை. 'கையைத் தளர்த்திக்கொள்ளப்பா' என்று எத்தனை முறை சொன்னாலும் அவரால் முடியாது. எதிர்ப்பவர் வேறு ஆள். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கும் இயக்க நரம்பணு. 'மோட்டார் நியூரான்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த எதிர்ப்பை ஒரு சின்னச் சுத்தியலைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் சில்லுக்குக் கீழே லேசாகத் தட்டினால் கால் முன்னால் உதைக்கிறது. 1875-ல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மன் டாக்டர்கள் தனித்தனியே இதை எழுதிவைத்தார்கள். தட்டியது தசைநாரின் மேல். அது தொடைத் தசையை இம்மியளவு இழுத்தது. இழுபட்ட தசை பதிலுக்குச் சுருங்கியது. அதுதான் உதை. மூளையைக் கேட்டுச் செய்த காரியமில்லை. தட்டியதிலிருந்து தசையில் மின்சாரம் தென்படுவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். மூளை யோசித்து உத்தரவு போட அது போதாது.

தசைக்குள் வேவு பார்க்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளம்தான். நூல் நூற்கும் கதிரைப் போல நடு பருத்து இரு முனையும் கூர்ந்திருப்பதால் தசைக் கதிர் என்றே பெயர். அதற்குள் மெல்லிய தசையிழைகள் சில. அவற்றின் நடுவில் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது ஒரு நரம்பின் நுனி. தசை நீண்டால் ஸ்பிரிங்கும் நீள்கிறது. நரம்பில் மின்துடிப்புகள் கிளம்புகின்றன. மெல்ல நீட்டினால் ஓரளவு துடிப்புகள். வேகமாக நீட்டினால் படபடவென்று ஒரு சரவெடி. எவ்வளவு நீண்டது என்பதைவிட எவ்வளவு வேகமாக நீண்டது என்பதில்தான் இந்த நரம்புக்கு அக்கறை அதிகம். உடலிலுள்ள மிகப் பருமனான, மிக வேகமான நரம்பிழைகளில் இதுவும் ஒன்று. விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் செய்தியைக் கொண்டுபோகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்கள் பெரும்பாலும் இதைவிட மெதுவாகத்தான் ஓடுகின்றன.

செய்தி வந்து சேரும் இடத்தில் இயக்க நரம்பணு சும்மா இருப்பதுபோலத் தோன்றினாலும் சும்மா இல்லை. அதன் சவ்வுக்கு உள்ளே வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின் அழுத்தம். டார்ச் லைட் செல்லில் இருபதில் ஒரு பங்கு. இந்தத் தாழ்வு 55 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்துவிட்டால் போதும், நரம்பணு வெடித்து ஒரு துடிப்பைத் தசைக்கு அனுப்பிவிடும். ஆக, அமைதிக்கும் வெடிப்புக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 15 மில்லிவோல்ட்தான்.

தசைக் கதிரிலிருந்து வரும் ஒரு நரம்பின் ஒரு துடிப்பு, இந்த அழுத்தத்தை எவ்வளவு அசைக்கும்? ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். அது மட்டும் வந்தால் நரம்பணு லேசாகச் சிலிர்த்துவிட்டு அடங்கிவிடும். ஆனால் ஒரு தசையில் நூற்றுக்கணக்கான கதிர்கள் இருக்கலாம். சுத்தியல் தட்டும்போது எல்லாம் ஒரே நேரத்தில் நீள்கின்றன. அத்தனை நரம்புகளும் ஒரே சமயத்தில் கதவைத் தட்டுகின்றன. பத்தில் ஒரு பங்குகள் கூடிக் கூடி 15 மில்லிவோல்ட்டைத் தாண்டுகின்றன. மெல்ல இழுக்கும்போது அதே தட்டல்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன. ஒன்று வந்து சேர்வதற்குள் முந்தையது அடங்கிவிடுகிறது. நரம்பணு வெடிப்பதில்லை, அல்லது குறைவாக வெடிக்கிறது. எலும்பு கட்டுகிறவரின் நிதானத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கைப் பூனைகளில் போட்டுப் பார்த்தார்கள் மெண்டலும் ஹென்மனும். கெண்டைக்காலின் ஒரு தசையை ஆளும் இயக்க நரம்பணுக்கள் சுமார் முந்நூறு. தசைக் கதிரிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழை அந்த முந்நூறில் ஏறக்குறைய எல்லாவற்றோடும் தொடர்பு வைத்திருந்தது. ஒரு தபால்காரர் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக்கும் ஒரே கடிதத்தைப் போடுவது மாதிரி. எந்த வீட்டில் முதலில் கதவு திறக்கும்? சிறிய நரம்பணு முதலில் வெடிக்கும்; பெரியது கடைசியில். இந்த வரிசையைக் கண்டுசொன்னவரும் ஹென்மன்தான்.

நீட்சிக்குத் தசை காட்டும் இந்தப் பதிலை முறையாக அளந்து 1924-ல் வெளியிட்டவர்கள் ஆக்ஸ்போர்டின் லிடலும் ஷெரிங்டனும். ஆனால் நரம்பணுவுக்குள்ளேயே எட்டிப் பார்க்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஷெரிங்டனின் மாணவரான ஜான் எக்கிள்ஸ், நியூஸிலாந்தின் டுனெடின் நகரில் 1951-ல் அதைச் செய்தார். தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணிய கண்ணாடிக் குழாய் நுனியைப் பூனையின் இயக்க நரம்பணுவுக்குள் செலுத்தி, மின் அழுத்தத்தை நேராக அளந்தார். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று மின்சாரத்தாலேயே பேசிக்கொள்கின்றன என்று அதுவரை பிடிவாதமாக வாதாடியவர் எக்கிள்ஸ். சில நரம்புகள் துடிக்கும்போது நரம்பணுவின் அழுத்தம் உயர்வதற்குப் பதிலாக இன்னும் தாழ்ந்துபோவதைக் கண்டார். வெறும் மின்சாரக் கசிவால் அப்படி நடக்க முடியாது. நடுவில் ஒரு ரசாயனம் இருந்தாக வேண்டும். தன் கட்சி தோற்றதை ஒப்புக்கொண்டார். 1963-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அழுத்தம் தாழ்ந்துபோனது ஏன்? நாராயணவனத்தின் குழித்தறிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மிதியை அழுத்தினால் ஒரு விழுது இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கினால் நாடா ஓட வழியில்லை. உடம்பிலும் அதே ஏற்பாடு. முழங்காலை நீட்டும் தசைக்கு 'சுருங்கு' என்று செய்தி கொடுக்கும் அதே நரம்பு, நடுவில் ஒரு சிறிய நரம்பணு மூலம் மடக்கும் தசைக்கு 'நீ பேசாமலிரு' என்றும் சொல்லிவிடுகிறது. எக்கிள்ஸ் பார்த்தது அந்த இரண்டாவது செய்தியைத்தான். இந்தத் தடை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிற நோய் ரண ஜன்னி. டெட்டனஸ் கிருமியின் விஷம் தடைச் செய்திகளை அடைத்துவிடுகிறது. முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகி, உடம்பு வில்லாக வளைகிறது.

இழுபடுவதைக் கவனித்துச் செய்தி அனுப்பும் நரம்புகள் கைகால் தசைகளோடு நிற்பதில்லை. இரைப்பை விரியும்போது மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்புகளைத் தனித்தனி இழையாகப் பிரித்து அளந்தவர் ஓர் இந்தியர். அவ்தார் சிங் பெயின்ட்டல் 1954-ல் அதை வெளியிட்டார். சாப்பிட்டது போதும் என்ற திருப்தியில் அந்த நரம்புகளுக்கும் பங்கு உண்டு என்றார். நுரையீரலில் அவர் கண்டுபிடித்த 'ஜே' உணர்விகள் உலகப் பாடப்புத்தகங்களில் ஏறின.

இத்தனையும் தண்டுவடத்துக்குள் நடக்கிற வியாபாரம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பது மூளை. மேலேயிருந்து வரும் நரம்புகள் இயக்க நரம்பணுவை எந்நேரமும் கடிவாளம் பிடித்தபடி இருக்கின்றன. எவ்வளவு இழுப்புக்கு எவ்வளவு பதில் என்பதைக் கூட்டுவதும் குறைப்பதும் அவைதான். நோயாளியின் இரண்டு கைவிரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு முழங்காலில் தட்டினால் உதை பலமாவது இதனால்தான். டாக்டரின் சுத்தியல் சோதிப்பது முழங்காலை அல்ல. இந்த மொத்த ஏற்பாட்டையும். நரம்பு, தண்டுவடம், கடிவாளம் மூன்றில் எது கெட்டது என்பதை ஒரு தட்டில் சொல்லிவிடுகிறது.

முதல் ரகம்: தட்டினால் ஒன்றுமே நடப்பதில்லை. இளம்பிள்ளை வாதம் அந்த ரகம். போலியோ கிருமி இயக்க நரம்பணுவைத் தேடிப்போய்க் கொல்கிறது. கிள்ளினால் குழந்தை அழும். உணர்ச்சி அப்படியே இருக்கும். கால் மட்டும் வாழைத்தண்டாகத் தொங்கும். செய்தி வருகிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் இதோடு போராடினார்கள். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து, இன்றும் காலிப்பருடன் நடப்பவர்களின் கால்களில் சுத்தியலுக்குப் பதில் கிடைக்காது.

இரண்டாவது ரகம்: தட்டினால் வேண்டியதற்கு மேல் உதைக்கிறது. பக்கவாதம், மூளைவாதத்தோடு பிறந்த குழந்தை, முதுகுத்தண்டில் அடிபட்டவர் எல்லோரும் இந்த ரகம். இயக்க நரம்பணு பத்திரமாக இருக்கிறது, கடிவாளம்தான் அறுந்துவிட்டது. முதலில் சில நாள், சில வாரம் கைகால் துவண்டு கிடக்கும். பிறகு இறுக ஆரம்பிக்கும். ஆஸ்திரேலிய நரம்பியல் நிபுணர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-ல் இந்த இறுக்கத்துக்குக் கொடுத்த இலக்கணத்தின் மையமே வேகம்தான். எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு பலமாக எதிர்க்கும்.

வீடுகளில் நடக்கிற தவறு இங்கேதான். பக்கவாதம் வந்த தாத்தாவின் கை மார்போடு மடங்கிக் கிடக்கிறது. தைலம் தேய்த்துவிட்டு, பேரன் பலத்தைக் காட்டி 'வெடுக்'கென்று நிமிர்த்துகிறான். கை பாதி வழியில் பூட்டிக்கொள்கிறது. 'தாத்தா, ஏன் முரண்டு பிடிக்கறீங்க?' என்று கோபம் வேறு. தாத்தா முரண்டு பிடிக்கவில்லை. பேரனின் வேகம் நூற்றுக்கணக்கான தசைக் கதிர்களை ஒரே கணத்தில் உசுப்பிவிட்டது. கடிவாளமற்ற நரம்பணுக்கள் மொத்தமாக வெடித்துவிட்டன. அதே கையை, தோளையும் முழங்கையையும் தாங்கிப் பிடித்து, பத்து எண்ணுகிற நேரத்தில் மெல்ல நிமிர்த்தி, நிமிர்ந்த நிலையில் சற்று நேரம் பிடித்திருந்தால் இறுக்கம் பெரும்பாலும் இளகிக்கொடுக்கும். மூளைவாதக் குழந்தையின் பாதத்துக்கும் இதே விதிதான். தினமும் செய்யாமல் விட்டால் தசையே நீளத்தில் குறுகிப்போய்விடும். அப்புறம் அது மின்சார விவகாரம் அல்ல; கத்தியால் தீர்க்க வேண்டிய விவகாரம்.

மருந்துகளும் இதே கணக்கில்தான் கைவைக்கின்றன. பாக்லோஃபென் மாத்திரை, தசைக் கதிரிலிருந்து வரும் நரம்பு தண்டுவடத்தில் கொட்டும் ரசாயனத்தைக் குறைக்கிறது. பாட்டுலினம் ஊசி, நரம்பு தசையைத் தொடும் முனையிலேயே செய்தியைத் தடுக்கிறது. சில மாதங்களில் அதன் வேகம் தணிந்துவிடும். இரண்டுமே டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. எந்த மருந்தும் நிதானமான கைக்கு மாற்று இல்லை.

இந்த நிதானத்தை ஒரு துறையாக வளர்த்ததில் வேலூருக்குப் பங்குண்டு. 1954-ல் நடந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயின்று வந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள், தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத கால்களோடு வாழக் கற்றுக்கொள்ளும் இடம் அது.

மூன்றாவது ரகம் அபூர்வமானது. இரண்டு குறியும் ஒரே ஆளிடம். தசை தேய்ந்து சூம்புகிறது. அதாவது இயக்க நரம்பணு சாகிறது. ஆனால் தட்டினால் சில இடங்களில் உதை பலமாக இருக்கிறது. அதாவது கடிவாளமும் கெட்டிருக்கிறது. மோட்டார் நியூரான் நோய் என்று இதற்குப் பெயர். மேலை நாடுகளில் இது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களைப் பிடித்துச் சில ஆண்டுகளில் உயிரை வாங்கும். சென்னையில் இருந்த டாக்டர்கள் வேறொரு வகையைக் கவனித்தார்கள். பள்ளி, கல்லூரி வயதில் வருகிறது. கைகால் மெலிகிறது, முகமும் நாக்கும் பலவீனப்படுகின்றன, காது மந்தமாகிறது. ஆனால் மெல்ல நகர்கிறது. பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் இதை எழுதினார்கள். இன்று உலக மருத்துவ நூல்களில் அதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று பெயர். பெங்களூர் நிம்ஹான்ஸில் பல பத்தாண்டுகளில் பார்த்த 116 நோயாளிகளைப் பற்றி 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலோர் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இந்த மூன்றும் கைகோக்கும் மூலையில்தான் பழைய சித்தூர் மாவட்டம் இருக்கிறது.

இங்கேதான் சுத்தியலின் மதிப்பு தெரிகிறது. கை மெலிந்த பையனை வீட்டார் முதலில் கொண்டுபோவது எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம். மாதங்கள் போகும். மெலிவும், காது மந்தமும், தட்டினால் துள்ளும் முழங்காலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதை ஒரு டாக்டர் கவனித்துவிட்டால், அவன் நரம்பியல் நிபுணரிடம் போய்ச் சேருவான். அங்கே தசைக்குள் ஊசி செருகி அதன் மின்சாரத்தைத் திரையில் பார்ப்பார்கள். ஆனால் வழியைக் காட்டுவது ரப்பர் சுத்தியல்தான். மின்சாரம் தேவையில்லை, பில்லும் வராது.

எலும்பு கட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கட்டோ மாவுக்கட்டோ போட்ட பிறகு வலி தணிய வேண்டும். வலி ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தால், நீலம் பாரித்தால், விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், அது நரம்பணுவின் முரண்டு இல்லை. உள்ளே ரத்த ஓட்டம் நெரிபடுகிறது. கட்டு உடனே தளர்த்தப்பட வேண்டும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் முதலிலேயே ஆஸ்பத்திரிதான்.

2022-ல் சித்தூர் மாவட்டம் பிரிந்து, நாராயணவனம் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஊர்க்காரர்களுக்கு அது போர்டில் மாறிய பெயர். தறியில் உட்காருகிற நெசவாளர் பாவு நூலை எப்போதும் போலவே கையாள்கிறார். தளர்ந்தால் துணி ஒழுங்காக வராது; வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும். அளவோடு, சீராக, விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் கை மடங்கிக் கிடக்கும் பெரியவருக்கும் அதே கை போதும்.